வெயிட் அண்ட் பேலன்ஸ் மண்டையில ஏறலையா? இந்த ஓசி புக்க எடுங்க, பக்கத்துலயே பென்சிலும் கால்குலேட்டரும் வச்சுக்கோங்க

ஏஎம்இ, அதாவது விமான பராமரிப்பு இன்ஜினியரிங் படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்காக இத எழுதுறேன். வெயிட் அண்ட் பேலன்ஸ்னா விமானத்தோட எடை எவ்வளவு, அது எந்த இடத்துல சமமா நிக்குதுன்னு பாக்குற கணக்கு. அமெரிக்காவோட விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏ வெளியிட்டிருக்க வெயிட் அண்ட் பேலன்ஸ் ஹேண்ட்புக், நம்பர் எஃப்ஏஏ-எச்-8083-1பி, 2016ல வந்த பதிப்பு, அவங்க சைட்லயே பைசா செலவில்லாம பிடிஎஃப்பா இறக்கிக்கலாம். நான் இத முழுசா ரெண்டு தடவையும், மூணாவது ஏழாவது சாப்டர மட்டும் எத்தனை தடவைன்னு கணக்கே இல்லாமலும் படிச்சிருக்கேன், இப்ப ஒரு ஹேங்கர்ல டெக்னீசியனா வேலை பாக்குறேன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

எனக்கு இந்த புக் எப்படி கைக்கு வந்துச்சுன்னு மொதல்ல சொல்லிடுறேன், ஏன்னா நிறைய பேருக்கு இதே பிரச்சனைதான் இருக்கும்னு நினைக்கிறேன். நான் படிச்ச இடத்துல டிஜிசிஏ (நம்ம நாட்டு விமானத்துறை அமைப்பு) லைசென்ஸ் எக்ஸாமோட மாட்யூல் 7 பேப்பருக்கு ஒரு ஜெராக்ஸ் நோட்ஸ் குடுத்தாங்க, சீனியர் பேட்ச்கிட்ட இருந்து காப்பி, அதுக்கும் முந்தின பேட்ச்கிட்ட இருந்து காப்பி, இப்படி காப்பிக்கு காப்பி எடுத்து எடுத்து அதுல மைனஸ் குறியெல்லாம் அழிஞ்சே போச்சு. நோஸ் வீல் ஆர்ம், அதாவது அதோட தூரம், மைனஸ் 7ன்னு இருக்க வேண்டியது வெறும் 7ன்னு இருக்கு. நாங்களும் அப்படியே மனப்பாடம் பண்ணிட்டு போனோம். 75 மார்க் எடுத்தாதான் பாஸ், எனக்கு அந்த தடவ வரல, வெயிட் அண்ட் பேலன்ஸ்ல வந்த கேள்வி எல்லாமே போச்சு. அப்புறம் ரூம்மேட் ஒருத்தன் இந்த பிடிஎஃப்ப அனுப்பினான், ரெண்டாவது சாப்டர படிக்கும்போதுதான் எனக்கு தெரிஞ்சுது, நான் ஃபார்முலாவ தப்பா படிக்கல, அந்த விஷயமே என்னன்னு எனக்கு யாரும் சொல்லித் தரலன்னு.

மொத்தம் 10 சாப்டர். எல்லாத்தையும் நாம படிக்கணும்னு இல்ல. மெயின்டனன்ஸ் ஆளுக்கு உயிர் நாடி மூணாவதும் ஏழாவதும்தான், மூணாவது ஏர்கிராஃப்ட எப்படி எடை போடுறது, ஏழாவது ரிப்பேரோ மாடிஃபிகேஷனோ பண்ணினா சிஜி (சென்டர் ஆஃப் கிராவிட்டி, மொத்த எடையும் சமமா நிக்கிற புள்ளி) எவ்வளவு நகருதுன்னு. ரெண்டாவது அதுக்கு அஸ்திவாரம். அஞ்சும் ஆறும் பெரும்பாலும் பைலட் லோடிங் கணக்கு, ஒரு தடவ பாத்தா போதும். எட்டு ஹெலிகாப்டர், ஒன்பது பெரிய ஏர்கிராஃப்ட். பத்தாவது கால்குலேட்டர், பைலட்டுங்க கணக்கு போடுற இ6-பி கருவி பத்தினது, அத நான் தாண்டிட்டேன், நீங்களும் தாண்டிடலாம்.

ரெண்டாவது சாப்டர்ல டேட்டம்னா என்னன்னு சொல்றாங்க பாருங்க, அந்த ஒரு விஷயம் புரிஞ்சா பாதி சப்ஜெக்ட் முடிஞ்சுது. டேட்டம்ங்கிறது ஏர்கிராஃப்ட்ல எங்கயும் வெல்டு பண்ணி வச்ச பொருள் இல்ல, கம்பெனிக்காரன் கற்பனையா நிறுத்தி வச்ச ஒரு சுவர். அது இன்ஜினுக்கு பின்னாடி இருக்க ஃபயர்வால்ல இருக்கலாம், விங்கோட முன் விளிம்பான லீடிங் எட்ஜ்ல இருக்கலாம், மூக்குக்கு முன்னாடி வெறும் காத்துல கூட இருக்கலாம். அங்க இருந்து எல்லா பொருளுக்கும் தூரம் அளக்குறோம், அதான் ஆர்ம். பின்னாடி போனா பிளஸ், முன்னாடி போனா மைனஸ். எடைய ஆர்மால பெருக்கினா மொமன்ட். எல்லா மொமன்ட்டையும் கூட்டி மொத்த எடையால வகுத்தா சிஜி. அவ்வளவுதான், இதுக்கு மேல இந்த சப்ஜெக்ட்ல புது தியரின்னு ஒண்ணும் கிடையாது, மிச்சம் எல்லாம் இதையே வேற வேற இடத்துல போட்டு பாக்குறதுதான்.

புக்ல லீவர், ஃபல்க்ரம்னு படம் போட்டு விளக்குறாங்க, நல்லாதான் இருக்கு, ஆனா எனக்கு உண்மையிலயே மனசுல ஒட்டினது எங்க ஊர் அரிசி மண்டி வாசல்ல பாத்த டிவிஎஸ் எக்ஸ்எல்தான். பின்னாடி ரெண்டு மூட்டை ஏத்தினதும் ஹேண்டில் எப்படி லேசாகுது பாத்திருப்பீங்க, மேடு ஏறும்போது முன் சக்கரம் தூக்குது, அண்ணன் உடம்ப முன்னாடி சாய்ச்சு ஓட்டுவாரு. அதே மூட்டைய முன்னாடி கால் வைக்கிற இடத்துல வச்சா வண்டி அடங்கி போகுது, ஆனா திருப்புறது கஷ்டம். எடை ஒண்ணுதான், இடம்தான் வேற. ஏர்கிராஃப்ட்லயும் இதேதான் நடக்குது, சிஜி பின்னாடி போனா மூக்க ஏத்தி இறக்குற எலிவேட்டர் தொட்டதும் மூக்கு துள்ளும், ஸ்டால் ஆனா, அதாவது விங் தூக்குறத விட்டுட்டா, மூக்க கீழ இறக்க முடியாம போயிடும், சுத்திட்டே விழுற ஸ்பின்ல மாட்டினா வெளிய வர்றது கஷ்டம். முன்னாடி போனா மூக்கு கனம், டெயில் இன்னும் அதிகமா கீழ்நோக்கி தள்ளணும், அந்த தள்ளலையும் சேர்த்து விங்தான் சுமக்கணும், அதனால ஸ்டால் ஸ்பீடும் ஏறும், டேக்ஆஃப்ல மூக்க தூக்குறதுக்கும் நேரம் எடுக்கும், லேண்டிங்ல நோஸ் வீல் அடி வாங்கும். வண்டியில ஓட்டுறவர் சாய்ஞ்சு சரி பண்ணிக்கலாம், ஏர்கிராஃப்ட்ல அது நடக்காது.

இப்ப எனக்கு இந்த புக்மேல இருக்க ஒரு பெரிய வருத்தம். மூணாவது சாப்டர்ல நாலு ஃபார்முலா குடுத்திருக்காங்க, நோஸ்வீல் ஏர்கிராஃப்டுக்கு டேட்டம் மெயின் வீலுக்கு முன்னாடின்னா ஒண்ணு, பின்னாடின்னா ஒண்ணு, டெயில்வீலுக்கும் அதே மாதிரி ரெண்டு. நம்ம பசங்க இத பாத்ததும் நாலையும் மனப்பாடம் பண்ணிடுறாங்க, எக்ஸாம் ஹால்ல எதுல பிளஸ் எதுல மைனஸ்னு குழம்பிடுறாங்க. தயவு செஞ்சு அத பண்ணாதீங்க. அதே புக்ல டேபிள் போட்டு செய்யுற வழியும் இருக்கு, எடை, ஆர்ம், மொமன்ட்னு மூணு காலம், அது ஒண்ணு போதும் எல்லா ஏர்கிராஃப்டுக்கும்.

ஒரு கணக்கு போட்டு காட்டுறேன், பேப்பர்ல நீங்களும் போடுங்க. சின்ன நோஸ்வீல் ஏர்கிராஃப்ட், டேட்டம் ஃபயர்வால். நோஸ் வீல் அதுக்கு 7 இன்ச் முன்னாடி, அப்ப ஆர்ம் மைனஸ் 7. மெயின் வீல் 58 இன்ச் பின்னாடி. டேர் (ஸ்கேல்ல கூட நிக்கிற சாமானோட எடை) எல்லாம் கழிச்ச பிறகு இடது மெயின் 570 பவுண்ட், வலது 575, நோஸ் 400. மெயின் ரெண்டும் சேர்ந்து 1,145, அத 58ஆல பெருக்கினா 66,410. நோஸ் 400 பெருக்கல் மைனஸ் 7, மைனஸ் 2,800. கூட்டினா 63,610. மொத்த எடை 1,545. வகுத்தா 41.17 இன்ச். இப்ப ஃபார்முலா வழியா போங்க, 58ல இருந்து 400 பெருக்கல் 65 (முன் பின் சக்கரத்துக்கு நடுவுல தூரம், 58ம் 7ம்) வகுத்தல் 1,545 கழிங்க, 16.83 கழியுது, அதே 41.17. ரெண்டும் ஒண்ணுதான், ஆனா டேபிள்ல மைனஸ் எங்க இருந்து வந்துச்சுன்னு உங்க கண்ணுக்கு தெரியுது. எங்க ஜெராக்ஸ் நோட்ஸ்ல இருந்த மாதிரி அந்த மைனஸ விட்டுட்டா 44.80 வரும், மூணரை இன்ச்சுக்கு மேல தப்பு. சின்ன ஏர்கிராஃப்ட்ல மொத்த சிஜி ரேஞ்சே சில இன்ச்தான் இருக்கும்னு யோசிச்சு பாருங்க.

எடை போடுற பகுதிக்கு முழு மார்க் குடுக்கலாம். நான் மொத மொத ஹேங்கர்ல வெயிங்ல நின்னது ஒரு மே மாசம். புக்ல காத்து இல்லாத மூடின கட்டடத்துல பண்ணணும்னு ஒரு வரி இருக்கும், படிக்கும்போது சாதாரணமா தாண்டிட்டேன். அன்னைக்கு ஹேங்கர் கதவு ரெண்டையும் இழுத்து மூடி, எல்லா ஃபேனையும் நிறுத்தி, சட்டையெல்லாம் நனைஞ்சு நிக்கும்போதுதான் எதுக்குன்னு புரிஞ்சுது. ஒரு பெடஸ்டல் ஃபேன நாங்க மறந்துட்டோம், அது விங் மேல அடிச்சிட்டு இருக்கு, ஸ்கேல்ல கடைசி நம்பர் நிக்கவே மாட்டேங்குது. விங்னா காத்து பட்டா தூக்கத்தான செய்யும். ஃபேன நிறுத்தினதும் நம்பர் நின்னுச்சு.

அப்புறம் லெவலிங். எங்கப்பா கொத்தனார். புக்ல அந்த படத்த பாத்துட்டு நான் அப்பாவுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன், ஏன்னா அதுல இருந்தது அவரு தினமும் கையில வச்சிருக்க ரசமட்டமும் தூக்குக்குண்டும்தான். ஏர்கிராஃப்ட் லெவல்ல இருக்கான்னு பாக்க ரசமட்டம், லீடிங் எட்ஜ்ல இருந்தும் ஆக்சில் சென்டர்ல இருந்தும் தரைக்கு புள்ளி இறக்க தூக்குக்குண்டு. குண்டு ஆடிட்டே இருக்கும், கையால நிறுத்தினா மறுபடி ஆடும், தானா நிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, முனைக்கு நேர் கீழ தரையில சாக்பீஸ்ல ஒரு சின்ன பிளஸ் போடணும், அப்புறம் ரெண்டு பிளஸ்சுக்கும் நடுவுல டேப் வச்சு அளக்கணும். அப்பா போன்ல சொன்னாரு, "நூலு எதுலயும் உரசக்கூடாதுப்பா, உரசினா குண்டு பொய் சொல்லும்"னு. புக்ல கூட இவ்வளவு தெளிவா இல்ல.

டேர்ங்கிறதையும் புக் நல்லா விளக்குது. ஸ்கேல் மேல ஏர்கிராஃப்டோட சேர்ந்து நிக்கிற எல்லாமே, சக்கரத்துக்கு வச்ச சாக், டெயில தூக்க வச்ச ஸ்டாண்ட், ஜாக்ல வச்சா ஜாக் அடாப்டர், இதோட எடையெல்லாம் தனியா போட்டு கழிக்கணும். எங்க மொத ரீடிங்ல ஒரு பக்கம் சாக்க கழிக்க மறந்துட்டோம், இடது வலது வித்தியாசம் வழக்கத்துக்கு மாறா இருக்கேன்னு எங்க இன்ஜினியர் சார்தான் கண்டுபிடிச்சாரு. சக்கரத்த ஸ்கேல்ல ஏத்தினதும் பிரேக்க ரிலீஸ் பண்ணணும், இல்லன்னா பக்கவாட்டு இழுவை ஸ்கேல்ல விழும், அதையும் புக்ல சொல்லியிருக்காங்க. வெயிங்குக்கு முன்னாடி கழுவி காய வைக்கணும், எக்யூப்மென்ட் லிஸ்ட்ல இருக்கதெல்லாம் அது அது இடத்துல இருக்கணும், லிஸ்ட்ல இல்லாத டூல் பாக்ஸ், பழைய துணி, மேப்பு, தண்ணி பாட்டில் எல்லாம் இறக்கணும். ஃபியூல வடிச்சாலும் வடியாம நிக்கிற அன்யூசபிள் ஃபியூல் எம்ப்டி வெயிட்ல சேரும், அந்த ஒரு வரியில எக்ஸாம்ல கண்டிப்பா கேள்வி இருக்கும்.

ஏழாவது சாப்டர்தான் நம்ம அன்றாட வேலை. பழைய ரேடியோவ எடுத்துட்டு புதுசு போடுறோம், பேட்டரி இடம் மாத்துறோம், பெயின்ட் அடிக்கிறோம், டபுளர்னு ஒட்டு தகடு வச்சு ரிப்பேர் பண்றோம், ஒவ்வொண்ணுக்கும் எடை இருக்கு, ஆர்ம் இருக்கு. மேல போட்ட அதே ஏர்கிராஃப்ட்ல 25 பவுண்ட் பேட்டரிய ஸ்டேஷன் 2ல (டேட்டத்துல இருந்து 2 இன்ச்) இருந்து டெயில்கோன்ல ஸ்டேஷன் 120க்கு மாத்துறோம்னு வைங்க. மொத்த எடை மாறல, 25 பெருக்கல் 118, வகுத்தல் 1,545, சிஜி 1.91 இன்ச் பின்னாடி போயிடுச்சு. ஒரு பேட்டரி, அவ்வளவுதான். பொருள எடுக்கும்போது குறி எப்படி வரும்ங்கிறத புக் டேபிளாவே போட்டிருக்கு, எடுக்குற எடை மைனஸ், டேட்டத்துக்கு முன்னாடி இருக்க ஆர்மும் மைனஸ், பெருக்கினா மொமன்ட் பிளஸ், அதாவது மூக்குல இருந்து ஒண்ண கழட்டினா சிஜி பின்னாடி போகும். யோசிச்சா இதுல மனப்பாடம் பண்ண ஒண்ணுமே இல்ல.

அட்வர்ஸ் லோடட் சிஜி செக்னு ஒண்ணு அதே இடத்துல வரும், இது நம்ம நோட்ஸ் எதுலயுமே சரியா இல்ல. எக்யூப்மென்ட் மாத்தின பிறகு, இந்த ஏர்கிராஃப்ட எவ்வளவு மோசமா லோட் பண்ணினாலும் லிமிட்ட தாண்டாதான்னு நாமளே முன்கூட்டி போட்டு பாக்குறது. ஃபார்வர்டு செக்னா ஃபார்வர்டு லிமிட்டுக்கு முன்னாடி இருக்க சீட்டு, பேகேஜ் எல்லாம் ஃபுல், பின்னாடி இருக்கதெல்லாம் காலி, ஃபியூல் டேங்க் லிமிட்டுக்கு பின்னாடி இருந்தா மினிமம் ஃபியூல். பிஸ்டன் இன்ஜினுக்கு மினிமம் ஃபியூல் கண்டுபிடிக்க மீட்டோ ஹார்ஸ்பவர (டேக்ஆஃப் தவிர்த்து இன்ஜின் குடுக்குற அதிகபட்ச பவர்) பாதியாக்கினா பவுண்ட்ல வந்துடும், 160 ஹார்ஸ்பவர்னா 80 பவுண்ட். பின்பக்க செக்குக்கு அப்படியே தலைகீழ். லிமிட் தாண்டுச்சுன்னா பேலஸ்ட், அதாவது சமன் பண்ண வைக்கிற எடை. 2,200 பவுண்ட் லோட்ல சிஜி 35.5, ஃபார்வர்டு லிமிட் 36, பேலஸ்ட் வைக்கிற இடம் 124னு எடுத்துக்கோங்க. 2,200 பெருக்கல் அரை இன்ச், வகுத்தல் 88 (124ல 36 போக), வெறும் 12.5 பவுண்ட் டெயில்ல வச்சா சரியா 36க்கு வந்துடுது. வச்ச பிறகு மறுபடி மொத்தமா போட்டு பாருங்க, வரணும். நிரந்தர பேலஸ்ட்டுக்கு செவப்பு பெயின்ட் அடிச்சு எடுக்காதேன்னு எழுதுறது ஏன்னு இந்த கணக்க போட்ட பிறகு யாரும் உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல.

குறைன்னு சொன்னா மொத குறை யூனிட். புக் முழுக்க பவுண்ட், இன்ச், கேலன். ஏவ்கேஸ், அதாவது பிஸ்டன் இன்ஜின் பெட்ரோல், கேலனுக்கு 6 பவுண்ட், ஆயில் 7.5 பவுண்ட்னு போவும். நம்ம ஊர்ல ஏர்லைன் பக்கம் வேலைக்கு போனா கிலோவும் லிட்டரும்தான். ரெண்டையும் கலந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு 1983 ஜூலை 23ல கனடாவுல நடந்தது போதும். ஏர் கனடாவோட புது போயிங் 767, கிலோவுல கணக்கு பாக்குற ஏர்கிராஃப்ட், ஃபியூல் காட்டுற சிஸ்டம் வேலை செய்யல, டேங்க்ல இருக்கத குச்சி போட்டு அளந்தா 7,682 லிட்டர். லிட்டர கிலோவா மாத்த சுமார் 0.8ஆல பெருக்கணும், பழக்கத்துல 1.77ஆல பெருக்கிட்டாங்க, அது பவுண்டுக்கான நம்பர். 6,000 கிலோ சொச்சம் இருக்க வேண்டிய இடத்துல 13,000 கிலோவுக்கு மேல இருக்குன்னு நினைச்சு, 20,000 லிட்டர் போட வேண்டிய இடத்துல ஏறக்குறைய 5,000 லிட்டர்தான் போட்டாங்க. நடு வானத்துல ரெண்டு இன்ஜினும் நின்னு, கிம்லிங்கிற பழைய ஏர்ஃபோர்ஸ் ரன்வேயில கிளைடர் மாதிரி இறக்கினாங்க, இருந்த 69 பேரும் பொழைச்சாங்க. அந்த தப்பு கணக்க போட்டதுல தரையில இருந்தவங்களும் இருந்தாங்க. அதனால நான் நம்பருக்கு பக்கத்துல யூனிட் எழுதாம ஒரு வரி கூட போடுறதில்ல, நீங்களும் இப்ப இருந்தே பழகுங்க.

ரெண்டாவது குறை, இது அமெரிக்க விதிப்படி எழுதினது. எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா மறுபடி எடை போடணும், எந்த படிவத்துல யார் கையெழுத்து போடணும்ங்கிறதுக்கெல்லாம் டிஜிசிஏவோட விதிகளான சிஏஆரத்தான் பாக்கணும். கணக்குக்கு இந்த புக், சட்டத்துக்கு டிஜிசிஏ, ரெண்டையும் கலந்து எக்ஸாம்ல எழுதிடாதீங்க. இங்கிலீஷ் பெருசா கஷ்டம் இல்ல, தமிழ் மீடியத்துல இருந்து வந்த எனக்கே ஒரு வாரத்துல பழகிடுச்சு, கடைசியில அருஞ்சொல் பட்டியல் மாதிரி குளோசரி இருக்கு, மொதல்ல அத படிச்சிட்டு உள்ள போங்க.

ஒன்பதாவது சாப்டர்ல பெரிய ஏர்கிராஃப்டுக்கு சிஜிய இன்ச்ல சொல்லாம எம்ஏசி (விங்கோட சராசரி அகலம்) சதவீதத்துல சொல்றது வரும், அந்த எம்ஏசியோட முன் விளிம்பு இருக்க இடம்தான் லீமேக். லீமேக் 625, எம்ஏசி 134, சிஜி 658.5னா, 33.5 வகுத்தல் 134, 25 சதவீதம். இதுவரைக்கும் சுலபம். ஆனா பயணிகள ஒவ்வொருத்தரா எடை போட முடியாது, சராசரி எடை வச்சுதான் கணக்கு பாக்குறாங்க, அந்த பகுதிய படிக்கும்போது 2003 ஜனவரி 8ல அமெரிக்காவோட சார்லட்ல விழுந்த பீச்கிராஃப்ட் 1900டி பத்தியும் தேடி படிச்சிடுங்க. பேப்பர்ல எல்லாம் லிமிட்டுக்குள்ள இருந்துச்சு, நிஜத்துல எடையும் அதிகம், சிஜியும் லிமிட்டுக்கு பின்னாடி. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி மெயின்டனன்ஸ்ல எலிவேட்டர் கேபிள தப்பா ரிக் பண்ணியிருந்தாங்க, அதாவது இழுவை அளவ தப்பா வச்சுட்டாங்க, மூக்க கீழ இறக்க எலிவேட்டர் போதுமான அளவு நகரல. டேக்ஆஃப் ஆனதும் மூக்கு மேல தூக்கிட்டே போச்சு, 21 பேரும் இறந்துட்டாங்க. தப்பு ரெண்டும் ஒண்ணா சேர்ந்த இடம் அது, ஒண்ணு லோடிங்குல, ஒண்ணு நம்ம ஆளுங்க கையில. இந்த ரிப்போர்ட்ட படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல, அந்த ராத்திரி ஷிஃப்ட்ல கேபிள்ல கை வச்சவரும் நம்மள மாதிரி ஒரு டெக்னீசியன்தான்.

அஞ்சுக்கு நாலரை குடுக்குறேன், அரைய யூனிட்டுக்கும் அந்த நாலு ஃபார்முலாவுக்கும் கழிச்சிட்டேன். மாட்யூல் 7 எழுதுறவங்க, வெயிங்குக்கு முதல் தடவ போறவங்க, பாஸ் பண்ணிட்டும் மைனஸ் பிளஸ் குழப்பம் போகாதவங்க எல்லாருக்கும் இது போதும். எக்ஸாமுக்கு ஒரு வாரம்தான் இருக்குன்னா ரெண்டு, மூணு, ஏழு மட்டும் எடுங்க, உதாரண கணக்க பாத்து தலையாட்டாம விடைய மூடி வச்சிட்டு நீங்களே போடுங்க. மொபைல்ல படிக்காதீங்க, டேபிளும் கிராஃபும் கண்ணுக்கே தெரியாது, அந்த மூணு சாப்டர மட்டுமாவது ஏ4ல பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பண்ணிக்கோங்க. காசு மிச்சம் பண்றேன்னு ஒரு தாள்ல ரெண்டு பக்கமா சுருக்கி போடாதீங்க, அப்படி போட்டா மொதல்ல மறையுறது அந்த மைனஸ் குறிதான்.